ஆறரைக் கிலோ உப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வந்தது. நான் ஒன்றும் காதை வைத்துக் கேட்கவில்லை, சுவர்தான் மெல்லிசு. அந்த வீட்டுக்காரர் அலங்கார மீன் பண்ணையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். தெருவில் அவருக்குத் 'தொட்டிக்காரர்' என்று பெயர். (வைத்தது நான்தான்.)

நேற்றுக் காலை மனைவியிடம் சொன்னார்: "நாப்பது மீனும் போச்சு. எனக்கு வேலையும் போச்சுன்னு வெச்சுக்கோ."

அடேயப்பா, கதை! உடனே நோட்டை எடுத்தேன்.

'சதவீதக் கணக்குக்கூடத் தெரியாத ஒரு மனிதர் இருந்தா—'

(அடித்துவிட்டேன். தெரியாது என்று முதலில் காட்ட வேண்டும்.)

2

காட்டுவது சுலபம். மீனுக்கு நோய் வந்தால் உப்புத் தண்ணீரில் விடுவார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்பு என்றால் ஒரு சதவீதம். இவருடைய தொட்டி இருநூறு லிட்டர். பண்ணை முதலாளியம்மா வாசலில் நின்று கத்தியதைத் தெருவே கேட்டது: "ஒன்றரைக் கிலோ போட வேண்டிய இடத்துல ஆறரைக் கிலோவா? அது வைத்தியமா, கடலா?"

இந்த ஆளைக் கதாநாயகன் ஆக்குவதா என்று யோசித்தேன். விதூஷகன் வேடத்துக்கு வேண்டுமானால் பொருந்துவார்.

3

கதையில் எனக்கும் ஒரு சின்ன வேடம் உண்டு. மீன்கள் சாவதற்கு முந்தின நாள் மதியம் முதலாளியம்மா என்னைத்தான் போனில் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுப்பவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். (அப்போது எதிர்வீட்டில் நாத்தனார் சண்டை உச்சத்தில் இருந்தது. ஒரு காது அங்கே.)

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்:

"அவர் போன் தண்ணில விழுந்துடுச்சாம். சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பார். ரெண்டாவது தொட்டிக்கு முக்கால் சதவீதம் உப்பு. மறக்காம சொல்லிடுங்க."

நான் ஜன்னல் வழியாக: "தம்பி, ரெண்டாவது தொட்டிக்கு மூணேகால் சதவீதம் உப்பாம்."

"மூணேகாலா? ரொம்ப அதிகமா இருக்கேக்கா. நல்லாக் கேட்டீங்களா?"

"என் காதைப் பத்தி என்கிட்டயே கேக்கறீங்களா?"

4

எழுத்துப்பிழை பார்க்கத்தான் அந்தப் போன் பேச்சைத் திரும்பப் படித்தேன்.

முதல் வரி. இரண்டாம் வரி. மறுபடியும் முதல் வரி, இந்த முறை விரலை வைத்து.

ஓரத்தில் கணக்குப் போட்டேன். நூறு லிட்டருக்கு முக்கால் கிலோ, இருநூறுக்கு ஒன்றரை. நூறு லிட்டருக்கு மூணேகால் கிலோ, இருநூறுக்கு ஆறரை. மனிதர் ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. நான் சொன்ன எண்ணுக்குச் சரியாகக் கொட்டியிருக்கிறார்.

என் கையெழுத்துதான். என் பேனாதான். காது தவறவிட்டதைக் கை எப்போது கேட்டு வைத்த— (இந்த வாக்கியம் முடியவில்லை.)

சுவருக்கு அப்பால் மனைவி: "அந்த அக்காதானே சொன்னாங்க? மேடம்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன். நம்பல. அக்காவையே நேர்ல கேக்கறேன்னாங்க. அவங்க பதிலைப் பொறுத்துத்தான் நம்ம பொழப்பு."

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். நாளை முதல் நாலு வீட்டிலும் நான்தான் பேச்சு. காது கேட்காதவள் என்று பட்டப்பெயர்கூட வரலாம்.

முடிவு ஆ: முக்கால் என்றுதான் சொன்னேன் என்று பொய் சொல்கிறேன். அவர் வேலையிழந்து வீட்டைக் காலி செய்வார். ஏன் என்று தெருவுக்கு நானே சொல்லுவேன், நன்றாகவும் சொல்லுவேன்.

முடிவு இ யோசிப்பதற்குள் அழைப்புமணி அடித்துவிட்டது. முதலாளியம்மா வாசலில் நிற்கிறார். பின்னால் தொட்டிக்காரர், தரையைப் பார்த்தபடி.

"நீங்க இவர்கிட்ட எவ்வளவுன்னு சொன்னீங்க? அந்த ஒரு வார்த்தை போதும்."

பதில் சொல்ல உதட்டை மூடியிருக்கிறேன். பொய்க்கும் உண்மைக்கும் தொடக்கம் ஒரே 'ம்'தான். முக்கால் என்றால் குறில், மூணேகால் என்றால் நெடில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சுழி. என்னால் முடியவில்லை, படிக்கிறவரே, பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ம