ஒரே எண்ணில் இரண்டு அக்கா

ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவு மென்பொருளை எழுதியவன் நான்தான். அதில் என் அக்கா இரண்டு பேராக ஏறியிருந்தபோது, திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் 'சேமி' பட்டனை அழுத்தியிருக்கிறாள். திரை அசையவில்லை என்று மறுபடியும் ஓர் அழுத்து. டேட்டாபேஸோடு என் சார்பில் பேசுவது ஓஆர்எம் என்ற இடைநிரல். இந்த போன் எண்ணில் யாராவது உண்டா என்று கேட்கும்; இல்லையென்றால் சேர்க்கும். இரண்டு அழுத்தும் ஒரே நொடியில் கேட்டு, இரண்டும் 'இல்லை' என்ற பதிலை வாங்கி, இரண்டும் சேர்த்துவிட்டன. ஒரே எண் இரண்டு முறை நுழையாதபடி டேட்டாபேஸிலேயே பூட்டுப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சோம்பேறி நான்.

அதன்பின் ஆளுக்கொரு பதிவைத் திறந்து விவரங்களை நிரப்பியிருக்கிறார்கள். முதல் பதிவில் 'பென்சிலின் ஒவ்வாது' என்று இருந்தது. இரண்டாவதில் அந்தக் கட்டம் காலி. மதியம் ஆபரேஷன். எதைப் பார்த்து ஊசி போடுவார்களோ!

வார்டுக்கு ஓடினேன். முதல் கட்டிலில் இருந்த அக்கா வழக்கம்போல என் காதைத் திருகினாள். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"பதினாலாம் கட்டில்ல இருக்காங்களே, அவங்களும் உங்க அக்காவா? இப்பதான் காய்ச்சல் பார்த்துட்டு வந்தேன்."

பதினான்காம் கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு. தலையணையில் அக்கா பூசும் தைலத்தின் வாசனை.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து பூட்டுப் போடப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன என்று டேட்டாபேஸ் மறுத்தது. கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒன்றை நீக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பென்சிலின் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, அது காலியாக இருந்த பதிவை அழித்தேன். இப்போது பூட்டு விழுந்தது. பதினான்காம் கட்டிலில் பள்ளம் இல்லை, விரிப்பு சில்லிட்டிருந்தது.

அப்பாடா என்று அக்காவிடம் போய்க் குனிந்தேன். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையே."

மீதமிருந்த பதிவைப் பார்த்தேன். 'உறவினர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

'தம்பி' என்று அடித்து, 'சேமி'யை அழுத்தினேன். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தப் பயமாக இருந்தது.