எலும்புக்கும் காலுக்கும் ஒரே சொல்

நொஸ்க் என்கிற நோர்வேஜிய மொழியில் காலுக்கும் எலும்புக்கும் ‘பெய்ன்’ என்று ஒரே சொல். பேசுகிறவரின் கை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் எதைச் சொல்கிறார் என்று பிடிக்க வேண்டும். என் கணவர் சந்திரகுமார் அன்று பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

2004ஆம் ஆண்டு இலையுதிர்காலம். சலவைத் தொழிற்சாலையில் வண்டி தள்ளும்போது தடுமாறி விழுந்து எனக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. இவ்வளவு சின்ன விழுகைக்கு முறியக் கூடாதே என்று எங்கள் குடும்ப டொக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்க அனுப்பினார். முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டார். என் கணவர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். நாங்கள் இருந்த குரோருட்டில் பாதித் தமிழ்ச் சனத்துக்கு டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் வாயாக இருந்தவர் இவர்தான்.

டொக்டர் திரையில் ஒரு முதுகெலும்பின் படத்தைக் காட்டி வேகமாகப் பேசினார். ‘பெய்ன்’ பலமுறை வந்தது. பிறகு எழும்பி, அறைக்குள் அழுத்திக் கால் ஊன்றி நடந்து காட்டிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இவர் என் பக்கம் திரும்பினார்.

“காலிலை பலமில்லையாம். உப்பிடிப் பாரம் குடுத்து நடக்கிறதைக் குறைக்கட்டாம்.”

படத்தில் கால் இல்லை. நடக்கச் சொல்கிறவரின் முகத்துக்கும் நடக்காதே என்கிறவரின் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளும் இல்லை நான். ஆனாலும் “ஓம்” என்றேன். டொக்டருக்கு முன்னால் இவரைத் திருத்தக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது பாதி உண்மைதான்.

வீட்டுக்கு வந்ததும் என்னைச் சோபாவில் இருத்திவிட்டு அவரே தேத்தண்ணி போட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஈரத்துணி தூக்கிய எனக்கு யாரும் அப்படிக் கொண்டுவந்து தந்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று குடித்தேன்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் நான் வெளியே இறங்கவில்லை. எழுதித் தந்த கல்சியம் குளிசைகளை ஒழுங்காகத் தந்தார். சமையலும் கடையும் உடுப்புத் தோய்ப்பதும்கூட அவர்தான். சந்திரண்ணைக்கு இப்போதுதான் கலியாணம் முடிந்திருக்கிறது என்று கூட்டாளிமார் நக்கலடித்தார்கள். எனக்கு வெயிலும் இல்லை, நடையும் இல்லை. என் தொடைகள் சூம்பிப்போனதை உடுப்பு மாற்றும்போது நானே கண்டேன். அப்போதும் சொல்லவில்லை. பங்குனியில், குளியலறைக்குப் போகும் வழியில், எதிலும் தடக்காமல் சும்மா விழுந்தேன். இடுப்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரை அவர்களே அழைத்திருந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பெண். டொக்டர் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள்: “உங்களுக்கு எலும்பு மெலிஞ்சு போற வியாதிம்மா. எலும்பு மேல பாரம் விழணும், அப்பதான் அது உறுதியாகும். தினமும் நடக்கணும்னு போன தடவையே சொல்லியிருக்காங்களே, ஏன் நடக்கலை?”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற இவர் “எலும்பு” என்று ஒருதரம் தனக்குள் சொன்னார். பிறகு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அதன் பிறகு என்னை நடக்கவைப்பதே அவருடைய வேலையானது. கிழமைக்கு ஒருமுறை விழுங்கும் குளிசையை வெறும் வயிற்றில் தந்து, விழுங்கியதும் படுக்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்து காவல் காப்பார். மீனெண்ணெயும் கரண்டியுமாக நிற்பார். பனியில் வழுக்காமல் என் சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி மாட்டி, கையைப் பிடித்து, ரயில் நிலையம்வரை கூட்டிப்போய்க் கூட்டிவருவார். என் எலும்பு தேறியது. அவர்தான் நொஸ்க் பேசுவதை நிறுத்தி வாயை மூடிக்கொண்டார். கடையில்கூட ஒன்றும் பேசாமல் காசை நீட்டுவார்.

பக்கத்து வீட்டு யோகராணி, தன் மகளின் பள்ளிக்கூடச் சந்திப்புக்குக் கூட வரும்படி ஒருநாள் கேட்டாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி, “அரசாங்க மொழிபெயர்ப்பாளரைக் கேள் பிள்ளை. என்னை நம்பினா உன்ரை மகளைத் திருப்பி நேர்சரிக்கு அனுப்பிப்போடுவாங்கள்” என்றார். யோகராணி சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அன்றைய நடையில், நிலையத்து வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, டொக்டர் சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கினது. நடக்கத்தான் சொன்னவர். தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான். வீட்டிலை சும்மா இருக்க ஆசையாயிருந்தது.”

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“பேய்க்கதை கதையாதையும். எனக்காண்டி ஏன் இப்பிடியொரு பழியைத் தலையிலை தூக்கிப் போடுறீர்?”

“உண்மையாத்தான் சொல்லுறன்.”

“நொஸ்க்கிலை நாலு சொல்லுத் தெரியாத உமக்கோ விளங்கினது?”

என் கையை எடுத்துத் தன் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார். டொக்டர் நடந்து காட்டியதுபோல நானும் எழும்பி நடந்து காட்டியிருந்தால் நம்பியிருப்பார். பைக்குள் கை சூடாக இருந்தது. நான் எழும்பவில்லை.

2008 ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்குத் தூரத்துத் திராமன் நகரிலிருந்தும் சனம் வந்தது. யோகராணி என் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள்.

“அக்கா, சந்திரண்ணை உங்களைப் பற்றி எல்லாரிட்டையும் சொல்லுறவர், நான் விட்ட பிழையைத் தன்ரை பிழையெண்டு சொன்னவள் என்ரை மனிசி எண்டு. பொய்யே தெரியாதவள், எனக்காண்டி ஒண்டு சொன்னவள் எண்டு.”

சுற்றியிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அந்த மரியாதை அவர் எனக்குத் தேடி வைத்துவிட்டுப் போனது. உண்மையைச் சொன்னால் அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்ததெல்லாம் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் பிழை அவருடையதாகவே அவரோடு எரிந்துபோகும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.