அரை மாடி இறக்கம்

பையின் ஒரு காது பதிவாளரின் கையில் இருந்தது. மறு காது அவர் மனைவியின் கையில் இருந்தது. நடுவில் பை, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது.

"விடுங்க."

"நீ விடு."

"அவளுக்கு இது எட்டாவது மாசம். பக்கத்துல யாருமில்ல. நான் போய்த்தான் ஆகணும்."

"அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னு வச்சுக்க, இந்த வீட்டுக் கதவு உனக்கு மூடியாச்சு. சொல்லிட்டேன்."

"ஏழு வருஷமா இதே பாட்டத்தான் பாடறீங்க. ராகமாவது மாத்துங்க."

பதிவாளர் ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் பதிவாளராகவே இருந்தார். முப்பத்தொரு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, எதிரே நின்றவர்களிடம் "பேரு? அப்பா பேரு? தாத்தா பேரு?" என்று கேட்டே பழகிய வாய் அது. பால் ஊற்ற வந்தவரிடம்கூட மூன்று தலைமுறையை விசாரித்த பிறகுதான் பாத்திரத்தை நீட்டுவார். அப்படிப்பட்டவருடைய ஒரே மகள், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாள். பதிவாளர் விசாரித்தார். மாப்பிள்ளையின் அப்பா பேர் கிடைத்தது. தாத்தா பேரும் கிடைத்தது. தாத்தா ஊர்ச் சாக்கடையில் இறங்கி அள்ளியவர் என்கிற தகவலும் கூடவே கிடைத்தது. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் எட்டாவது மாடியிலிருந்து கீழ்த்தளம் வரைக்கும் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்ததாகவும், மூன்றாவது மாடியில் காது கேட்காத பெரியவர் ஒருவர் எழுந்து வந்து "என்ன சத்தம்?" என்று கேட்டதாகவும் இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் சொல்வார்கள்.

"இனிமே உனக்கு அப்பன் இல்ல." கடைசியாக மகளிடம் அவர் சொன்ன வாக்கியம் அதுதான். ஏழு வருஷமாக அடித்தல் திருத்தல் எதுவும் செய்யவில்லை.

பதிவாளரம்மா பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். லிஃப்டுக்குள் போனார். பையின் காதை விடாத பதிவாளரும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. கதவு மூடியது. ஏழு, ஆறு, ஐந்து என்று எண்கள் இறங்கின. ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் 'க்ளக்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. லிஃப்டும் நின்றது.

"பாத்தியா? போகாதேன்னு அந்த மேல இருக்கறவனே சொல்றான்!"

"கரண்டு போயிடுச்சுங்க."

"அபாய மணிய அடி."

"எந்த மணி? உங்க மத்தியானத் தூக்கம் கெடுதுன்னு போன வருஷம் நீங்கதானே ஒயரை அறுக்கச் சொன்னீங்க?"

கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கும் பதிவாளரே தலைவர். பதவியேற்ற ஒரு வருஷத்தில் நாற்பத்தேழு விதிகள் போட்டிருந்தார். முதல் விதி, வேலையாட்கள் யாரும் லிஃப்டில் ஏறக்கூடாது, மாடிப்படிதான். லிஃப்டைப் பழுதுபார்க்க வருகிறவருக்கும் அதே விதி. சரிசெய்யலாம், ஏறக்கூடாது. இன்னொரு விதி, தலைவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் வெளியாள் எவனும் கேட்டைத் தாண்டக்கூடாது. காவலாளி அதை அட்சரசுத்தமாகக் கடைப்பிடிக்கிறவர். போன மாதம் சீட்டு இல்லையென்று தீயணைப்பு வண்டியையே திருப்பி அனுப்பியிருந்தார்.

பை இழுபறியில் இரண்டு பேருடைய போனும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பதிவாளர் கதவைத் தட்டினார். குத்தினார். உதைத்தார். லிஃப்டில் போகிறவர்கள் இருந்தால்தானே நடைகளில் ஆள் நடமாட்டம்? லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி கழித்து, மாடிப்படியில் வாளி இடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

படிகளைப் பெருக்கித் துடைக்கும் பெண் அவள். மாடிப்படி அக்கா என்று பேர். ஒரு நாளைக்கு எட்டு மாடியைப் பதினாறு தடவை ஏறி இறங்குவாள்.

"யாரது உள்ள?"

"நான்தான்! தலைவர்!"

"அய்யாவா? தனியாவா இருக்கீங்க?"

"நானும் இருக்கேன்க்கா!" என்றார் பதிவாளரம்மா.

"அய்யோ, அம்மாவுமா! இருங்க, கம்பெனிக்குப் போன் போட்டுட்டு வர்றேன்."

வாளிச் சத்தம் தடதடவென்று இறங்கிப் போய்விட்டது.

"அப்பாடா" என்றார் அம்மா.

"என்ன அப்பாடா? கம்பெனிக்காரன் வந்தாலும் கேட்டுக்காரன் விட மாட்டான். சீட்டு வேணும். சீட்டுல யாரு கையெழுத்துப் போடணும்?"

"நீங்க."

"நான் எங்க இருக்கேன்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இருட்டு அதை மறைத்துக்கொண்டது. பதிவாளருக்கோ உச்சந்தலையிலிருந்து வியர்வை ஆறாக ஓடியது. அந்த ஆற்றில் ஒரு படகே விட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் போயிற்று. அதற்குள் அவர் உயில் எழுதுவதைப்பற்றி மூன்று தடவையும் தண்ணீரைப்பற்றி முப்பது தடவையும் பேசிவிட்டார். மனிதர் யாரும் வரமுடியாதபடி நாற்பத்தேழு விதிகளால் தானே வேலி போட்டாயிற்று. இனி வர வேண்டுமானால் விதிக்குக் கட்டுப்படாதவர் ஒருவர்தான் வர முடியும். பதிவாளர் தரையில் மண்டியிட்டு, முகத்தை மேலே தூக்கிக் கதறினார்.

"மேல இருக்கறவனே! நீ இருக்கியா, இல்லையா?"

எங்கோ உயரத்திலிருந்து, சுவருக்குச் சுவர் மோதி முழங்கிக்கொண்டு ஒரு குரல் இறங்கியது.

"இருக்கேன், இருக்கேன். இப்பத்தான் வந்தேன்."

பதிவாளருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவுக்கோ வேறு விதமாகத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். மகளோடு வாரா வாரம் ரகசியமாகப் போனில் பேசும்போது, "அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்று நடுவில் புகுந்து கேட்கிற குரல். கம்பெனி வேறு ஆளைத்தான் இந்தக் கட்டடத்துக்கு அனுப்பும். இன்றைக்கு அந்த ஆளுக்குக் காய்ச்சல். குப்பை வண்டி போகிற கேட் வழியாக மாடிப்படி அக்கா கூட்டிவந்து, மாப்பிள்ளை எட்டு மாடியும் ஏறி, மொட்டைமாடி மோட்டார் அறையில், கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் குனிந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா வாயைத் திறக்கப்போனார். பிறகு, ஏழு வருஷத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"உள்ள எத்தனை பேரு?" என்றது குரல்.

"எல்லாம் தெரிஞ்ச உங்களுக்கா தெரியாது?"

"சொன்னாத்தானே சார் தெரியும்."

"கேட்டியா? என்னைப் போய் சார்னு கூப்பிடறாரு!" என்று பதிவாளர் மனைவியின் காதில் உருகினார். "ரெண்டு பேரு சாமி! நானும் இவளும்!"

"சேர்ந்துதான் இருக்கீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷமா சாமி!"

"நல்லது. ஆட்டம் போடாம இருங்க. எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

"கேளுங்க" என்று அம்மா மெல்லத் தூண்டினார். "மனசுல இருக்கறத எல்லாம் கொட்டிடுங்க. இப்ப விட்டா எப்ப கிடைப்பாரு?"

பதிவாளர் கொட்டினார். முதலில் சங்கத் தேர்தலில் செய்த சில்லறைத் தில்லுமுல்லுகள் வந்தன. பிறகு குரல் கம்மியது.

"ஒரே பொண்ணு சாமி. போயிடுன்னு நான்தான் சொன்னேன். அவ போற அன்னிக்கு வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா. நான் பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்திருந்தேன். அவ போன அப்புறம்தான் பாத்தேன், பேப்பரத் தலைகீழாப் பிடிச்சிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். வாய் வரல. அவன் தாத்தா என்ன வேலை பாத்தாருன்னு கேட்டவன், அவ சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு ஒரு நாள் கேக்கல."

மேலே கயிறு லேசாக அசைந்தது. பக்கத்தில் இருட்டில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் அந்தத் தலைகீழ்ப் பேப்பர் அவருக்குத் தெரியாது.

கடைசியில் குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது.

"சார். இப்ப நீங்க கொஞ்சம் இறங்கி வரணும்."

"வர்றேன் சாமி! எவ்வளவு இறங்கணும்?"

"அரை மாடி போதும்."

"அரை மாடி என்ன, எட்டு மாடியும் இறங்கறேன்!" பதிவாளர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தியத்தைப் பத்திர நடையிலேயே வாசித்தார். "சுயபுத்தியுடனும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும், இன்றைய தேதியில் நான் என் மகள் வீட்டுக்குப் போய், அவளிடத்திலும் மாப்பிள்ளையிடத்திலும் மன்னிப்புக் கேட்பேன் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்!"

"சாட்சி, நான்" என்றார் அம்மா.

"அக்கா, நாலாவது மாடிக் கதவுகிட்ட நில்லுங்க! சமமா வந்ததும் குரல் குடுங்க!" என்று கடவுள் யாருக்கோ உத்தரவிட்டார். லிஃப்ட் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று, பயந்து பயந்து தண்ணீரில் இறங்குவதுபோல் இறங்கத் தொடங்கியது. "அத்தை, பைய கீழ வச்சுட்டு சாரைப் பிடிச்சுக்குங்க. நின்னதும் நான் கீழ வந்து கதவைத் திறக்கறேன்."

பதிவாளர் நிமிர்ந்தார். இருட்டில் மனைவி இருந்த பக்கம் திரும்பினார்.

"கடவுளுக்கு நீ எப்படி அத்தையானே?"

லிஃப்ட் நின்றது. படிகளில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது. சாவி திரும்பியது. கதவு இரண்டாகப் பிரிந்து வெளிச்சம் அடித்தது. வெளிச்சத்தில் முழங்கைவரை கிரீஸ் படிந்த இரண்டு கைகள், அவற்றுக்குப் பின்னால் வியர்த்து ஊற்றிக்கொண்டு மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் வாளியோடு மாடிப்படி அக்கா.

பதிவாளர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டடம் அதிர்ந்தது.

"ஆள் மாறாட்டம்! பத்திரம் செல்லாது!"

"நான் கடவுள்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே சார்" என்றார் லிஃப்ட்காரர் பணிவாக. "மேல இருக்கேன்னுதான் சொன்னேன்."

"ஆள் மாறினா நல்லதுதானே" என்றார் அம்மா. "உள்ள போனவரு வேற, வெளிய வர்றவரு வேறன்னு நினைச்சேன். மாறலையா? சரி, விடுங்க. உங்க பத்திரம் செல்லாமலே போகட்டும். நான் வர்றேன்." பையைத் தூக்கிக்கொண்டார். இந்தத் தடவை அதன் இரண்டு காதுகளும் அவர் கையிலேயே இருந்தன. மாடிப்படியில் இறங்கத் தொடங்கினார்.

"உன்னை யாருய்யா உள்ள விட்டா? சீட்டு எங்க?"

"வழக்கமா வர்றவருக்குக் காய்ச்சலாம், கம்பெனி இவரை அனுப்பிச்சு. நான்தான் குப்பைக் கேட்டு வழியா கூட்டிட்டு வந்தேன்" என்றாள் மாடிப்படி அக்கா. "அந்தக் கேட்டுக்கு மட்டும் சீட்டு வேணாமே அய்யா. நாங்கதானே போறோம்."

லிஃப்ட்காரர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சார், மேல ஒரே சத்தம். உள்ள நீங்க பேசினது எதுவும் எனக்குக் காதுல விழல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்க வேணாம்." கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு படி ஏறினார். பிறகு நின்றார். திரும்பவில்லை. "அன்னிக்கு அவளும் வேற பஸ்ஸுல ஏறிட்டா சார். ரெண்டு மணி நேரம் ஊரைச் சுத்திட்டுத்தான் வந்து சேர்ந்தா. அழுத கண்ணு, நம்பர் தெரியல."

பதிவாளர் நாலாவது மாடியில் நின்றார். அவர் வாழ்க்கையில் வாய் மூடி நின்ற மிக நீண்ட நேரம் அது. மாடிப்படி அக்கா கணக்கில் முழுசாக ஒரு தளம் துடைக்கிற நேரம். அப்புறம், மூட்டுவலிக்காரர் என்று எல்லாரும் நம்பியிருந்த அந்த மனிதர், நாலு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, கேட்டுக்கு வெளியே மனைவியைப் பிடித்துவிட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"இந்தா பாரு. கரண்டு போனதும், அந்த இன்னொருத்தனுக்குக் காய்ச்சல் வந்ததும், அந்த அக்கா சரியா அந்த நேரத்துல படியில வந்ததும், எல்லாம் அவரு ஏற்பாடுதான்."

"அக்கா எப்பவும் படியிலதான் வருவா. நீங்க லிஃப்டுல விடாததால. அந்த விதிக்கும் கடவுள்தான் பொறுப்பா?"

பதிவாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "இல்ல. அதுக்கு நான்தான்" என்றார். "அதை வச்சும் அவரு வேலையை முடிச்சுக்கிட்டாரு. அதான் ஆச்சரியமா இருக்கு."

"ஏழு வருஷமா நான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார் அம்மா. "அவருக்கு இப்பத்தான் ஆள் கிடைச்சிருக்கு."

மகளின் வீடு ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது. குறுகலான படி. அம்மாவுக்கு மூச்சு இரைக்க, பாதியில் நின்றுவிட்டார். "நீங்க முன்னால போங்க." பதிவாளர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். நீலக் கதவு. தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்களைக் கேட்ட கேள்வி. ஒருவர்கூட அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. அப்பா என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லை அவரே ரத்து செய்திருந்தார்.

"யாருங்க அது?" மறுபடியும்.

"லிஃப்ட்காரரோட மாமனார்" என்றார் பதிவாளர்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது, நின்றது, முழுக்க நகர்ந்தது. கதவிடுக்கில் முதலில் வயிறு தெரிந்தது. பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையோடு மகள். சிரிக்கவில்லை. அழவுமில்லை. அலுவலகத்தில் அவரே எத்தனையோ பேரைப் பார்த்ததுபோல, மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அவரு வீட்ல இல்ல" என்றாள். "வேலைக்குப் போயிருக்காரு."

"தெரியும்மா" என்றார் பதிவாளர். "அவருதான் என்னை இறக்கி விட்டாரு."