கிம்பல் கையெழுத்துப் போட்ட கடிதம்

அமெரிக்காவின் ரீனோ நகரில், காசு போட்டுக் கைப்பிடியை இழுத்துச் சூதாடும் பழைய ஸ்லாட் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன் நான். அவற்றை வாங்கி விற்பதில் அங்கே ராய்ஸ் கிம்பல்தான் பெரிய கை. என் வேலையில் பாதி அவர் கொடுப்பது.

ஹோமர் ரிட்டர் புற்றுநோயில் இறந்த மாதமே கிம்பல் அவர் வீட்டுக்குப் போனார். ஹோமர் முப்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வார்ப்பிரும்பு முகப்புள்ள மெஷினைத் திறந்து பார்த்து, ஹோமரின் மனைவி ஒபாலிடம் உச்சுக் கொட்டினார்.

"மனசு கஷ்டப்படாதீங்க ஒபால். இது அசல் இல்ல. எவனோ பட்டறையில வார்த்த நகல். ஹோமரை நல்லா ஏமாத்திட்டாங்க."

கணவரின் சொத்து விவரத்தோடு நீதிமன்றத்தில் காட்ட வேண்டும், அதை எழுதித் தாருங்கள் என்று ஒபால் கேட்டாள். அவரும் தயங்காமல் தன் கடைத்தாளில் மெஷினின் வரிசை எண்ணைக் குறித்து, 'இது போலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நகலுக்குரிய விலையைக் கொடுத்துவிட்டு மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதே மெஷினைக் கிம்பல் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியின் சுருள்வில் தளர்ந்திருந்தது, மாற்ற வேண்டுமாம். பின்கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மரப்பெட்டியின் விளிம்பிலும் உள்ளே இரும்பிலும் ஒரே எண், இரண்டிலும் ஒரே பழமை. சந்தேகமில்லாத அசல். ஹோமருக்காக நானே ஒருமுறை அதன் சக்கரங்களைச் சரிசெய்திருக்கிறேன்.

"எங்க கிடைச்சுது?" என்றேன்.

"எல்கோ பக்கம் ஒரு பண்ணை வீட்டுல," என்றார் கிம்பல், கண் சிமிட்டாமல்.

சுருள்வில்லை மட்டும் மாற்றிக் கொடுத்துக் கூலியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பழைய மெஷின்கள் விற்கும் கண்காட்சியின் விளம்பரத்தில் அந்த மெஷினின் படம் வந்தது. கீழே அதே வரிசை எண், 'உத்தரவாதமான அசல்' என்ற வரியோடு. ஒபால் அதைப் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, கண்காட்சி அரங்கில் நல்ல கூட்டம். கிம்பலின் மேஜையருகே நானும் நின்றிருந்தேன். சாக்ரமென்டோவிலிருந்து வந்த ஒருவர் அந்த மெஷினுக்கான காசோலையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தார். தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் நீல உடையில் வந்து நின்றாள் ஒபால். கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"இதை எழுதினவர் யாரு தெரியுமா? இதோ, பல்லைக் காட்டிட்டு நிக்கிறாரே, இவருதான்!"

கிம்பல் சிரித்தார். "பாவம், புருஷன் போன துக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

வாங்க வந்தவர் கடிதத்தை வாங்கி, கிம்பல் தனக்கு எழுதித் தந்திருந்த ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

கிம்பல் ஒபாலிடம் குனிந்தார். "எடுத்துட்டுப் போயிடு. காசு எதுவும் வேணாம். சத்தம் மட்டும் போடாதே."

"மெஷின் யாருக்கு வேணும்? நீ எப்ப பொய் சொன்னே? எங்க வீட்டு ஹால்லயா, இல்ல இங்கயா? ஒண்ணைச் சொல்லு. 'உங்களை ஏமாத்திட்டாங்க'ன்னு கல்லறையில போய் என் புருஷன்கிட்ட சொல்லி அழுதேன்யா நான்!"

ஒபால் என் பக்கம் திரும்பினாள். "டெல், அதைத் திற."

"யோசிச்சு செய், டெல்," என்றார் கிம்பல். என் பட்டறை வாடகையும் வேலையும் எல்லாமே மனதில் ஓடின. பின்கதவைத் திறந்தேன்.

"அசல்தான். இது ஹோமரோட மெஷின்," என்றேன்.

வந்தவர் காசோலையைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே கிம்பலிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மெஷின்களை என்னிடம் தூக்கி வந்தார்கள். பலவற்றில் அசல்போலத் தெரிய எண்களை அண்மையில்தான் குத்தியிருந்தார்கள். வசந்தத்துக்குள் அவர் கடை மூடிக்கிடந்தது. வழக்கறிஞர் மூலம் மெஷின் ஒபாலிடம் திரும்பி வந்தது.

அவளுக்கு அது போதவில்லை. கிம்பல் ஃபீனிக்ஸ் ஊர்ச் சந்தையில் மேஜை போட்டபோது அங்கே போய்க் கடிதத்தின் நகல்களை விநியோகித்தாள். அவர் பின்னாலேயே துல்சாவுக்கும் போனாள்.

"போதும் ஒபால். மனுஷன் ஒடிஞ்சே போயிட்டார்," என்றேன் ஒருநாள்.

"ஒடியட்டும்." நகல்களை உறையில் அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீ ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்தியே, அதுவும் எனக்கு மறக்கல. வியாழக்கிழமை ஆல்புகர்க்கி போகணும், அங்க மேஜை போடுறானாம். வண்டி நீதான் ஓட்டுறே."

வியாழக்கிழமை விடியும்போது அவள் வீட்டு வாசலில் வண்டியோடு நின்றேன்.