மீன்தொட்டிக் குழாயில் ஓர் ஓட்டை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் ஓசியாகக் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்போனில் பெருமையாகச் சொன்னார்: "ஏட்டி, மீன்தொட்டிக் குழாயில ஒரு ஓட்டை இருந்துச்சு. காலையில பசை வச்சு அடைச்சிட்டேன். இனி கவலையே இல்ல."

"லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ராஜபாளையத்தில் இறங்கிப் போய்விட்டார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'தண்ணீரும் வாழ்க்கையைப் போலத்தான், அது எப்போதும்…'

(அடித்துவிட்டேன். பிளம்பர் கதையில் இதெல்லாம் எடுபடாது.)

அடுத்தது: பிளம்பர் சங்கிலிப்பாண்டி தன் வீட்டு மீன்தொட்டிக்குத் தானே குழாய் அமைத்தார். மேலே மீன் வளரும் தொட்டி, கீழே வடிகட்டும் தொட்டி. கீழிருக்கும் மோட்டார் தண்ணீரை ஏற்றும். மேலே வழிவது கீழே இறங்கும். கரண்ட் போனால்தான் வம்பு. மோட்டாரிலிருந்து மேல்தொட்டியின் அடிவரை போயிருந்த குழாய், தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக் கீழே தள்ளியது. கீழ்த்தொட்டி வழிந்து வீடெல்லாம் வெள்ளம். மேலே மீன்கள் அரைச்சாண் தண்ணீரில் துடித்தன.

மறுபடியும் அப்படி ஆனபோது அவர் மனைவி பொன்மணி கறாராகச் சொன்னாள்: "இன்னொரு தடவ வந்துச்சு, மீனத் தூக்கிக்கிட்டு கூமாப்பட்டிக்கே போயிருவேன். எங்க அண்ணன் கெணத்துல தண்ணி கெணத்துக்குள்ளதான் கெடக்கும்."

3

அவர், தண்ணீர் திரும்பாமல் இருக்க ஒரு வால்வு வைத்தார். அதில் ஒரு நத்தை புகுந்து மூடவிடாமல் செய்ததை அவர் கவனிக்கவில்லை; பொன்மணிதான் பார்த்தாள். யூடியூபில் பார்த்து ஒரு வழி சொன்னாள்: "நீர்மட்டத்துக்குச் செத்த கீழ குழாயில சின்னதா ஓட்டை போடுங்க. தண்ணி எறங்கவும் காத்துப் புகுந்து உறிஞ்சுறது நின்னுரும்."

"ஊரு ஓட்டையெல்லாம் அடைக்கவன் நான். என் வீட்டுக் குழாயில ஓட்டையா?"

அவர் வேலைக்குப் போனதும் பொன்மணி கோணி ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டுவிட்டாள். அடுத்த மாதாந்திர மின்தடையில் தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வால்வின் பெருமையை அவர் தெரு முழுக்கப் பேசினார். அவள் வாயே திறக்கவில்லை.

(ஏன்? கனமான காரணங்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. புருஷன் மேல் ஆசை, அவ்வளவுதான்.)

இன்று காலை தொட்டி கழுவும்போது ஓட்டை அவர் கண்ணில் பட்டது. யார் போட்டது, எதற்கு என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. பிளம்பர் கை சும்மா இருக்குமா?

4

இன்றும் மாதாந்திர மின்தடை. ஓட்டையை அடைத்துவிட்டதாக அவர் பேருந்திலிருந்து சொன்னதுமே, காதில் போனோடு பொன்மணி தொட்டியருகே ஓடினாள். மோட்டார் சத்தம் நின்றது.

முதல் முடிவு: குழாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிட்டாள். மீன் பிழைத்தது, வால்வும் புகழோடு இருந்தது. (ஆயுசுக்கும் இந்த வால்வுப் பெருமையை அவள் கேட்க வேண்டும்.)

மற்றொன்று: தூக்கவில்லை. வீடெல்லாம் வெள்ளம், அவருக்குப் புத்தி வந்தது. (ஆனால் சொன்ன சொல்லுக்காக அவள் கூமாப்பட்டி பஸ் ஏற வேண்டும். அவளுக்கோ போக மனமே இல்லை. மீன்கள்தான் என்ன பாவம் செய்தன?)

இதற்கு மேல் என்னால் ஆகாது. நீங்களே சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு கை குழாயைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் போன்.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"