வலப்பக்க இருக்கை

பம்பு அறையில் ஆறு எண்ணெய்க் குழாய்களையும் ஒவ்வொன்றாக நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிரீஸ் போடும் வேலையால் எல்லோருக்கும் கிரீஸக்கா ஆகிவிட்டவள். அடுத்த கூடத்தில், ஆறு இரும்புக் கால்கள்மேல் வெள்ளைப் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது. விமானிகள் தரையைவிட்டுப் போகாமலே பறக்கப் பழகும் பெட்டி அது. நான்காவது குழாய் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் துடித்தது.

"தரை தொடும்போது இடறுது" என்று பயிற்சி ஆசிரியர் மூன்று நாளாகச் சொல்லி வந்தார். பொறியாளர்களோ, திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாதித்தார்கள். பெட்டியை நிறுத்தி அவள் நான்காவது குழாயின் வால்வைக் கழற்றினால், உள்ளே நகத்தளவு ரப்பர்த் துணுக்கு. அதை இரண்டு விரலில் பிடித்தபடி வந்தவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"போர்வைக்குள்ள எந்தப் பிள்ளை முழிச்சிருக்குன்னு கை வெச்சாலே தெரியும். இது தெரியாதா?"

ஆசிரியர் சிரித்துவிட்டார். "அடுத்த ஓட்டத்துக்கு வலப்பக்கம் நீங்களே உக்காருங்கக்கா. சரியாச்சான்னு நீங்களே சொல்லுங்க."

ஒரே ஒரு ஓட்டம் உள்ளே இருந்ததாகக் கையெழுத்து கிடைத்தால் போதும், பெட்டியை இயக்கும் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம். ஏழு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தாள். மனுவுக்கு நாளை கடைசி நாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்குப் பறக்கப் போறேன்."

"திரும்பி வருவியா, வெளிநாட்டுலயே தங்கிடுவியா?"

"வர்றேன், வர்றேன். பிள்ளைங்களைக் குளிப்பாட்டி வை."

பெட்டிக்குப் போகும் பாலத்தில் கால் வைத்ததும் மேற்பார்வையாளர் ஓடி வந்தார். பொல்லாத மனுஷன் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"நீங்க காண்ட்ராக்ட் ஆளுக்கா. ஆடும்போது உள்ள இருந்தா காப்பீடு கிடையாது. நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும்."

"அஞ்சு நிமிஷம்தான சார்."

"சோதிக்கணும்னா வலப்பக்கம் ஓர் ஆள் எடை வேணுமே" என்றார் உள்ளேயிருந்து ஆசிரியர்.

"நான் அம்பத்தெட்டு கிலோ" என்றாள் அவசரமாக.

மேற்பார்வையாளர் கிடங்கைக் கை காட்டினார். முப்பது கிலோ மணல் மூட்டைகள் இரண்டை அவளே சுமந்து வந்து இருக்கையில் சாய்த்தாள். தோள்பட்டையையும் இடுப்புப்பட்டையையும் இழுத்து மாட்டினாள். மஞ்சள் கோட்டுக்கு இப்பால் வந்து நின்றதும் பாலம் மடங்கியது.

பெட்டி எழும்பியது, சாய்ந்தது, இறங்கியது. ஒரு சின்ன இடறல்கூட இல்லை. கூடமே கை தட்டியது. அவளும் தட்டினாள்.

ஆசிரியர் இறங்கி வந்து, ஓட்டப் பதிவேட்டில் வலப்பக்கம் என்ற கட்டத்தில் 'மணல், அறுபது கிலோ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.