அதே சரக்கு

"அமுக்கித் தேய், மாரீஸ்வரி! ஸ்டிக்கர்ல குமிழ் விழுந்தா டிவியில மானம் போயிரும்!" முதலாளி அதட்டினார்.

ரேஸ் காரின் கதவில் கம்பெனியின் புலிமுக ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தவள், ரப்பர் தகட்டால் காற்றை வழித்துத் தள்ளினாள். பழனிசெட்டிபட்டியில் இன்னும் விடியவில்லை. தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. காரைக் கோயம்புத்தூர் பந்தயத்துக்கு ஏற்றிப்போக, வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. காரை ஓட்டப்போகும் முதலாளி மகன் மகிழன், பளபளக்கும் உடுப்பில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

பின்னால் கொட்டகையில் மற்றப் பெண்கள். மூட்டையில் வரும் பேரில்லாத பிரேக் பேடுகளை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, அதே புலிமுகத்தை ஒட்டி அடைப்பது அவர்கள் வேலை. ஒருத்தி விரலிலும் ரேகை மிச்சமில்லை. ரேஷன் கடை மெஷினே அவர்களை யாரென்று கேட்கிறது.

அந்தப் பேடு போட்ட ஜீப்தான் நேற்று கம்பமெட்டு மலைப்பாதை வளைவில் உருண்டது. ஏலத்தோட்டத்து வேலைக்கு அதில் போன கஸ்தூரியம்மாள் அங்கேயே உயிரை விட்டாள். ஜீப்பை ஓட்டிய செல்லப்பாண்டி இடுப்பு முறிந்து, போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மாரீஸ்வரியின் கூடப்பிறந்தவன்.

"மொதலாளி, பேடு சரியில்லன்னு போலீசுல ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா அண்ணன் ஜெயிலுக்குப் போயிருவாக."

"நேத்தே சொல்லிட்டேன்," என்றார் முதலாளி சுரேஷ்கண்ணன். "குடிச்சிட்டு ஓட்டுனான்னு."

"குடிச்சாகளா? சபரிமலைக்கு மாலை போட்டிருக்காக மொதலாளி!"

"கழுத்துல மாலை, வயித்துல பிராந்தி! இங்கன பாரு. இந்தக் கார் இருநூறுல பறக்குது. இதுக்கும் அதே சரக்குதான். இதுல வராத கேடு அந்த ஓட்டை ஜீப்புல எப்படி வரும்?"

மாரீஸ்வரி தகட்டை விட்டெறிந்தாள். கொட்டகையில் தேய்ப்புச் சத்தம் சட்டென்று நின்றது. முதலில் ஜெபராணி வந்தாள். அடுத்து எல்லோரும். லாரியை மறித்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்ன கூத்து இது? எந்திரிங்கடி! கம்பத்துல இருந்து வேற ஆளை எறக்குவேன்!"

"எறக்குங்க," என்றாள் ஜெபராணி. "அவகளும் ஜீப்புல மலையேறுறவகதான். வந்து எங்க பக்கத்துலதான் உக்காருவாக."

லாரி டிரைவர் இஞ்சினை அணைத்தான். இறங்கி வந்து, "கொஞ்சம் தள்ளுங்கத்தா," என்று அவனும் உட்கார்ந்தான்.

மாரீஸ்வரி அந்தக் காரின் அளவுக்கு அடைத்த பெட்டி ஒன்றை எடுத்துவந்து பானெட்டின் மேல் வைத்தாள்.

"அதே சரக்குன்னீகள்ல? ரொம்பச் சந்தோசம். இருக்கிறதைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. எங்கண்ணன் விழுந்த வளைவுல உங்க மகன் ஒரேயொரு தடவை எறங்கி வரட்டும். பத்திரமா வந்துட்டா, அண்ணன் குடிச்சாகன்னு நானே போலீசுல சொல்றேன்."

மகிழன் பெட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கினான்.

"வேணாம்னு சொல்லுங்கப்பா!"

"வாயை மூடுறா!"

"எதுக்கு மூடணும்? என் கார்ல ஓடுறது வெளிநாட்டுப் பேடு. அதுமேல நம்ம ஸ்டிக்கரை ஒட்டுனது நீங்க. மலையெறக்கத்துல நம்ம பேடு புடிக்காது, ஆளைக் கொன்னுரும்னு போன மாசமே எங்கிட்டச் சொன்னதும் நீங்கதானப்பா!"